ஒரு கைது, நான்கு பதிவு: வட டெக்சாஸ் கவுண்டி ஒன்றில் நடந்தது

இதில் வரும் தம்பதி தமிழ்நாட்டுக்காரர்கள், வட டெக்சாஸில் குடியிருப்பவர்கள். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், ஊர், கவுண்டி, கடை எதையும் சொல்லப்போவதில்லை. நான் வக்கீல் இல்லை. இங்குள்ள தமிழர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பேன், தேவைப்பட்டால் அலுவலகங்களுக்குக் கூடப் போவேன், அவ்வளவுதான். ஒரு கைதுப் பதிவு எங்கெங்கே போய் உட்காருகிறது, அதை எப்படிப் படிப்பது, எந்தக் காகிதத்தை எப்போது வாங்கி வைத்துக்கொள்வது என்பதெல்லாம் இந்த விஷயத்தில்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அதில் பாதி, தப்பு செய்த பிறகு புரிந்தது.

பின்னணி

மனைவி எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) வேலை அனுமதியோடு இருப்பவர். எட்டு மாதக் குழந்தை. ஒரு நவம்பர் மாதச் சனிக்கிழமை மாலை, குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டுப் பெரிய கடை ஒன்றுக்குப் போனார். நாமே ஸ்கேன் செய்துகொள்ளும் கவுண்டரில் 61 டாலருக்குப் பொருள்களை ஸ்கேன் செய்து, கார்டில் பணம் கட்டி, ரசீதும் வாங்கினார். தள்ளுவண்டியின் அடித்தட்டில் இரண்டு டயாப்பர் பெட்டியும் ஒரு பால்பவுடர் டின்னும் இருந்தன. அவற்றை ஸ்கேன் செய்யவில்லை. மறந்துவிட்டேன் என்றார். வாசலில் நிறுத்தினார்கள். மூன்றும் சேர்ந்து 104 டாலர்.

அந்த நாலு டாலரில்தான் எல்லாம் மாறியது. டெக்சாஸ் சட்டத்தில் 100 டாலருக்குக் குறைந்த திருட்டு ‘சி’ வகுப்புக் குற்றம். அதிகபட்சம் 500 டாலர் அபராதம், சிறை கிடையாது. 100-லிருந்து 750 டாலருக்குள் என்றால் ‘பி’ வகுப்பு: 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். அந்தக் கவுண்டியிலேயே குடியிருப்பவர் என்றால், இந்த அளவுத் திருட்டுக்குக் கைது செய்யாமல் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பவும் 2007-இல் வந்த ஒரு திருத்தம் இடம் தருகிறது. ஆனால் அது காவலரின் விருப்பம். இங்கே காவலர் கைது செய்தார்.

டெக்சாஸில் 254 கவுண்டிகள். நம்மூர் மாவட்டம் மாதிரிதான் என்று சொல்லிக்கொள்கிறோம், ஆனால் கலெக்டர் ஆபீஸ் போல எல்லாக் கோப்பும் வந்து சேருகிற ஒரே மேசை இங்கே இல்லை. கைது செய்தது நகரக் காவல்துறை. அடைத்தது ஷெரிஃபின் கவுண்டிச் சிறை. வழக்குப் போடுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது மாவட்ட அட்டர்னி, அதாவது அரசு வழக்கறிஞர், அலுவலகம். ‘ஏ’, ‘பி’ வகுப்பு வழக்குகளின் பதிவு கவுண்டி கிளார்க்கிடம், பெரிய குற்றங்களின் பதிவு டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். இதெல்லாம் போக, கைரேகையோடு ஒரு பிரதி ஆஸ்டினில் உள்ள மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறைக்குப் போகிறது. ஷெரிஃபும் சரி, மாவட்ட அட்டர்னியும் சரி, கிளார்க்குகளும் சரி, ஒவ்வொருவரும் தனித்தனியே மக்கள் வாக்கில் வந்தவர்கள். ஒருவர் கோப்பை இன்னொருவர் திருத்த முடியாது.

முதல் இரவு: பெயர் கிடைக்கவில்லை

இரவு ஒன்பதரைக்குக் கணவர் எனக்குப் போன் செய்தார். மனைவி கடைக்குப் போய் நாலு மணி நேரம் ஆகிறது, போன் அணைந்திருக்கிறது, இரண்டு ஆஸ்பத்திரியில் விசாரித்தாயிற்று. பேச்சுவாக்கில் சொன்னார்: “ஏதோ ரெக்கார்டட் வாய்ஸ்ல மூணு தடவை கால் வந்துச்சுண்ணா. ஸ்கேம்னு கட் பண்ணிட்டேன்.” அந்த அழைப்பு சிறையிலிருந்து வந்தது. அங்கிருந்து பேசுகிறவர் நேராகப் பேச முடியாது. முதலில் இயந்திரக் குரல் வரும், கட்டணத்தை ஏற்கிறீர்களா என்று கேட்கும், ஒரு எண்ணை அழுத்தச் சொல்லும். தெரியாதவர் வைத்துவிடத்தான் செய்வார்.

கவுண்டிச் சிறையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பெயர் போட்டுத் தேடலாம். கணவர் தன் பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டு மனைவியைத் தேடினார். இல்லை. மாமனார் பெயரைப் போட்டார். இல்லை. மனைவியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. நம்மவர்களில் பலருக்கு அப்படித்தான். அமெரிக்க விசாவில் அந்த மாதிரிப் பெயரை அப்படியே தூக்கிக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டுவிட்டு, முதல் பெயருக்கு ‘எஃப்.என்.யு.’ என்று எழுதுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். ஓட்டுநர் உரிமத்திலும் அதுவே. கைதானபோது காவலர் பார்த்தது அந்த உரிமத்தைத்தான்.

“தங்கச்சி லைசென்ஸ்ல எப்படி இருக்கோ அப்படியே போடுங்க” என்றேன். அப்போதும் இல்லை. கைரேகை, புகைப்படம், மருத்துவக் கேள்விகள் எல்லாம் முடிந்த பிறகே பதிவு தளத்தில் ஏறும். பதினொன்றே முக்காலுக்குத்தான் வந்தது. கூடவே அவர் புகைப்படமும்.

பதிவில் கண்டது

அந்தப் பக்கத்தை இருவரும் போனிலேயே வரி வரியாகப் படித்தோம். மேலே இரண்டு எண்கள். ஒன்று இந்தக் கைதுக்கு மட்டுமான புக்கிங் எண். மற்றது ஆளுக்கான நிரந்தர எண், இன்னொரு முறை கைதானாலும் மாறாது. கீழே கைது செய்த துறை, தேதி, நேரம். குற்றம் என்ற இடத்தில் ‘சொத்துத் திருட்டு, 100 முதல் 750 வரை’ என்பதன் சுருக்கம். பக்கத்தில் ‘எம்.பி.’ என்று இரண்டு எழுத்து. கணவர் அதைப் பார்த்து மிரண்டுபோய், “எம்.பி.ன்னா என்னண்ணா?” என்றார். மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றம், பி வகுப்பு. வேறொன்றும் இல்லை. ஜாமீன் தொகை என்ற இடம் வெறுமையாக இருந்தது. அதைத் தீர்மானிக்கும் மாஜிஸ்திரேட் முன்னால் அவரை இன்னும் நிறுத்தவில்லை. 48 மணி நேரத்துக்குள் நிறுத்தியாக வேண்டும். இங்கே மறுநாள் காலையே நடந்தது.

இந்தப் பக்கத்தில் எழுதியிருந்த குற்றம், கைது செய்த காவலர் எழுதியது. அரசு வழக்கறிஞரோ நீதிபதியோ அதை இன்னும் பார்க்கவே இல்லை. ஊரில் கணவரின் அம்மா, “எஃப்.ஐ.ஆர். போட்டாச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இங்கே நம்மூர் எஃப்.ஐ.ஆருக்கு நேர் பொருத்தமான காகிதம் இல்லை. மாவட்ட அட்டர்னி தாக்கல் செய்யும் குற்றப்பத்திரிகைதான் வழக்கின் பிறப்பு. அதுவரை இருப்பது கைது மட்டுமே. இந்த வித்தியாசம் அன்றிரவு எனக்கும் தெளிவாகத் தெரியாது.

எடுத்த முடிவுகள்

ஜாமீன் 1,000 டாலர். ஜாமீன் ஏஜென்ட் மூலம் என்றால் பத்தில் ஒரு பங்கு அளவில் கட்டணம் கொடுத்தால் போதும், ஆனால் அது திரும்பாது. முழுத் தொகையையும் ரொக்கமாகக் கட்டினால் விஷயம் முடிந்ததும் திரும்பக் கேட்டு வாங்கலாம். கையில் பணம் இருந்ததால் ரொக்கமாகக் கட்டினார்கள். ஞாயிறு மதியம் அவர் வீட்டுக்கு வந்தார்.

திங்கட்கிழமை ஒரு குற்றவியல் வக்கீலைப் பார்த்தார்கள். அவர் கடை ரசீதின் நகலோடு மாவட்ட அட்டர்னி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். கடையின் கேமராப் பதிவை முழுதாகப் பார்த்த பிறகு முடிவெடுங்கள் என்பதுதான் கடிதத்தின் சாரம். குடிவரவு வக்கீல் ஒருவரிடமும் தனியாக ஒரு மணி நேரம் பேசச் சொன்னார். அந்த ஒரு மணி நேரத்தின் மதிப்பு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

என் பிழை இங்கே வருகிறது. பத்து நாள் கழித்துக் கவுண்டி கிளார்க்கின் தளத்தில் அவர் பெயரைத் தேடினேன். எப்படி மாற்றிப் போட்டாலும் ஒன்றும் இல்லை. “கோர்ட்டில் ஒண்ணுமே இல்ல. கேஸ் போடல, முடிஞ்சது” என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். வக்கீல் கேட்டுச் சிரித்தார். இந்த வகைக் குற்றத்துக்கு வழக்குப் போட அரசுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நீதிமன்றத் தளத்தில் இல்லை என்றால் இன்னும் போடவில்லை என்றுதான் அர்த்தம். போடமாட்டார்கள் என்று அல்ல.

நாலு மாதம் கழித்து மாவட்ட அட்டர்னி அலுவலகம் வழக்கை ஏற்க மறுத்துவிட்டது. சந்தோஷமான செய்திதான். ஆனால் பதிவுகளின் கண்ணோட்டத்தில் ஒரு விசித்திரம் பாருங்கள். கைதுக்குப் பதிவு இருந்தது. வழக்கே வராததால் நீதிமன்றத்தில் எந்தப் பதிவும் உருவாகவில்லை. வழக்கு நடந்து தள்ளுபடி ஆகியிருந்தால், தேடுகிறவர் கண்ணில் ‘தள்ளுபடி’ என்ற சொல்லாவது பட்டிருக்கும். இவர் விஷயத்தில் முடிவு எந்தத் தளத்திலும் எழுதப்படவில்லை. மாநிலத் துறையின் பொதுத் தேடலும் உதவாது, அதில் தண்டனைகளும் ‘டிஃபர்ட் அட்ஜுடிகேஷன்’ எனும் ஒத்திவைத்த தீர்ப்புகளும் மட்டும்தான் பொதுமக்களுக்குத் தெரியும்.

காவல்துறையின் முழு அறிக்கையைக் கேட்டு டெக்சாஸ் பொதுத் தகவல் சட்டத்தின் கீழ் மனுப் போட்டோம். கைதான ஆள், கைது, குற்றம் பற்றிய அடிப்படைத் தகவலை மறைக்கக் கூடாது என்பது அந்தச் சட்டத்தில் உள்ளது. 1975-இல் ஹூஸ்டன் நகரத்துக்கும் ஒரு நாளிதழுக்கும் நடந்த வழக்கிலிருந்து வந்த கோட்பாடு அது. மற்றதை மறைக்க விரும்பினால் பத்து வேலை நாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் கேட்க வேண்டும். கேட்டார்கள், மறைக்க அனுமதியும் பெற்றார்கள். காரணம், தண்டனையில் முடியாத விசாரணையின் கோப்பை வெளியிடாமல் இருக்க அதே சட்டம் இடம் தருகிறது. ஆக, குற்றம் நிலைக்காமல் போனதே அறிக்கை கிடைக்காததற்குக் காரணம் ஆனது. எங்களுக்கு வந்தது ஒரே ஒரு பக்கம். அதில் இருந்ததெல்லாம் சிறைத் தளத்தில் முதல் நாளே பார்த்ததுதான்.

நாலாவது பதிவு

கவுண்டிச் சிறைத் தளத்திலிருந்து அவர் பெயர் சில நாளில் போய்விட்டது. விடுதலையானவர்களை அங்கே வைத்திருப்பதில்லை. ஆனால் அந்தச் சில நாளுக்குள் தனியார் தளங்கள் படத்தோடு எடுத்துப் போட்டுவிட்டன. காவல்துறை, சிறை, மாநிலத் துறைப் பதிவுகள் போக, இதுதான் நாலாவது. மூன்று தளங்களைக் கண்டுபிடித்தோம். முகநூலில் வந்த ஒருவர் 399 டாலருக்கு எல்லாவற்றையும் ‘துடைத்துத் தருகிறேன்’ என்றார். கணவர் கொடுக்கத் தயாராகவே இருந்தார். வேண்டாம் என்று தடுத்தேன். படத்தைப் போட்டுவிட்டு, தவறான அல்லது அரைகுறையான தகவலை நீக்கக் காசு கேட்பதை டெக்சாஸ் 2013-இலேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது. தகவல் தவறு அல்லது அரைகுறை என்று எழுதினால் அவர்கள் சரிபார்த்தாக வேண்டும். வக்கீல் எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு ஒரு தளம் உடனே நீக்கியது. மற்ற இரண்டும் பதிலே போடவில்லை.

1989-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் காகிதமும் அதையெல்லாம் ஒரே கணினியில் திரட்டி வைத்த பட்டியலும் ஒன்றல்ல என்று சொன்னது. அலைந்து தேட வேண்டியிருப்பதே ஒருவருக்கு ஒரு மறைப்பு என்பது அதன் கருத்து. இன்று அந்த மறைப்பு ஒரு வார இறுதிக்குக் கூடத் தாங்கவில்லை.

எட்டாம் மாதம் அவருக்கு ஒரு அலுவலக வேலை கிடைக்கும் நிலை வந்தது. பின்னணிச் சோதனை அறிக்கையில் ‘திருட்டு, கைது, முடிவு தெரியவில்லை’ என்று ஒரு வரி. சோதனை நிறுவனம் எடுத்தது சிறைப் பதிவின் பழைய நகலை. கூட்டாட்சிச் சட்டமான ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டப்படி, அப்படி ஒரு அறிக்கையை வைத்து வேலை மறுப்பதற்கு முன்பே அதன் நகலை நமக்குத் தர வேண்டும். தந்தார்கள். நாம் மறுப்புத் தெரிவித்தால் 30 நாளுக்குள் மறுபடி விசாரித்துத் திருத்த வேண்டும். மாவட்ட அட்டர்னி அலுவலகத்தின் மறுப்புக் கடிதத்தை அனுப்பினோம், 19-ஆம் நாள் அந்த வரி நீங்கியது. அதற்குள் வேலை வேறொருவருக்குப் போயிருந்தது.

கடிதம் கையில் தயாராக இருந்திருந்தால், நேர்காணல் அன்றே, அவர்கள் தேடுவதற்கு முன்பே கொடுத்திருக்கலாம். நாங்கள் அதை வாங்கியதே இந்தத் தகராறு வந்த பிறகுதான். கேட்டால்தான் கொடுப்பார்கள், தானாக யாரும் அனுப்புவதில்லை.

அழிப்பதற்கு முன்

வழக்கே தாக்கல் ஆகாத ‘பி’ வகுப்புக் கைதுக்கு, கைது நாளிலிருந்து ஓராண்டு கழித்துப் பதிவை அழிக்க மனுப் போடலாம். எக்ஸ்பங்ஷன் என்பார்கள். விதிகள் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 55-ஆம் அத்தியாயத்தில் இருந்தன. 2025 ஜனவரி 1 முதல் 55ஏ என்ற புது எண். டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டில் மனு, 30 நாளுக்குப் பிறகே விசாரணை. உத்தரவு வந்துவிட்டால், கைதே நடக்கவில்லை என்று அநேகமாக எல்லா இடத்திலும் சொல்லலாம்.

ஓராண்டு முடிந்த அன்றே மனுப் போட்டுவிட வேண்டும் என்று கணவர் துடித்தார். குடிவரவு வக்கீல் முதலில் தடுத்து நிறுத்தினார். டெக்சாஸ் நீதிமன்றம் அழித்தாலும் விசாப் படிவம் அதை ஏற்காது. டி.எஸ்-160 படிவம், எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா என்று கேட்கிறது. மன்னிப்போ அதுபோன்ற வேறு நடவடிக்கையோ இருந்தாலும் சொல்ல வேண்டும் என்றும் சேர்த்தே கேட்கிறது. நாளைக்குக் கிரீன் கார்டுக்கான ஐ-485 போடும்போதும் கேள்வி வரும், அப்போது முடிவைக் காட்டும் சான்றிட்ட காகிதம் கேட்பார்கள். பதிவை அழித்த பிறகு அந்தக் காகிதத்தை எங்கே போய் வாங்குவது? கவுண்டியில் கேட்டால், அப்படி ஒருவரை எங்களுக்குத் தெரியாது என்பார்கள். அப்படிச் சொல்வதுதான் அவர்கள் கடமையும்.

நானாக இருந்திருந்தால் கணவரோடு சேர்ந்து துடித்திருப்பேன். பொது மேடைகளில் எக்ஸ்பங்ஷன் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களை நினைத்தே பேசுகிறார்கள். விசாவில் இருப்பவருக்கு அதே ஆலோசனை பாதிதான் பொருந்தும்.

மனுவுக்கு முன் இரண்டு நாள் அலைந்து மூன்று காகிதங்களை, ஒவ்வொன்றிலும் நாலு சான்றிட்ட பிரதியாக வாங்கினோம். உள்ளே போன, வெளியே வந்த நேரத்தைக் காட்டும் சிறைத்தாள். வழக்கை ஏற்கவில்லை என்ற மாவட்ட அட்டர்னி அலுவலகக் கடிதம். இந்தப் பெயரிலும் பிறந்த தேதியிலும் வழக்கு எதுவும் இல்லை என்று கவுண்டி கிளார்க் தேடிக் கொடுத்த சான்று. மூன்றாவதை வாங்கப் போனபோது கவுண்டரில் இருந்த அம்மா, “முதல் பெயர் என்ன?” என்று கேட்டார். எஃப்.என்.யு. என்றோம். “அது எப்படி உச்சரிப்பது?” என்றார். விளக்கினோம். பெயரை இரண்டு விதமாகவும் போட்டுத் தேடி, இரண்டையும் சான்றில் குறிப்பிட்டுக் கொடுத்தார். அந்த இரண்டாவது பெயர் இல்லாவிட்டால் அந்தக் காகிதத்தால் பயனே இல்லை.

விளைவு

மனுவில் பதிவு வைத்திருக்கக்கூடிய ஒவ்வொரு அலுவலகத்தையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். விட்டுப்போன இடத்துக்கு உத்தரவு போகாது. நகரக் காவல்துறை, ஷெரிஃப், மாவட்ட அட்டர்னி, மாஜிஸ்திரேட், மாநிலத் துறை, அப்புறம் பதில் போடாத அந்த இரண்டு தளங்கள், பின்னணிச் சோதனை நிறுவனம் எல்லாவற்றையும் வக்கீல் சேர்த்திருந்தார். அரசுத் தரப்பு எதிர்க்கவில்லை. நீதிபதி கையெழுத்திட்டார். உத்தரவு போன பிறகு இரண்டு தளங்களும் பக்கத்தை நீக்கின. ரொக்க ஜாமீன் 1,000 டாலரும் அதற்கு முன்பே வந்துவிட்டது. அடுத்த வேலைக்கான சோதனையில் ஒன்றும் வரவில்லை.

அடுத்த ஆண்டு விசா முத்திரைக்காகச் சென்னை போனார். டி.எஸ்-160-இல் கைது பற்றிய கேள்விக்கு ‘ஆம்’ என்று போட்டு, நடந்ததை மூன்று வரியில் எழுதினார். நேர்காணலில் அதிகாரி மூன்று காகிதத்தையும் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். விசா கிடைத்தது.

இனி மாற்றிச் செய்வது

இப்போது யாராவது நள்ளிரவில் கூப்பிட்டால், முதல் கேள்வி லைசென்ஸில் பெயர் எப்படி இருக்கிறது என்பதுதான். இரண்டாவது, தெரியாத எண்ணிலிருந்து இயந்திரக் குரல் வந்ததா என்பது. சிறைப் பக்கம் கண்ணில் பட்ட உடனே அதை அச்செடுத்து வைக்கச் சொல்கிறேன், சில நாளில் போய்விடும் என்பதால். நீதிமன்றத் தளத்தில் ஒன்றும் இல்லை என்பதை வைத்து யாருக்கும் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன். மறுப்புக் கடிதத்தை வேலை தேடத் தொடங்கும் முன்பே கேட்டு வாங்கிவிட வேண்டும். இந்த வரிசையில் ஒன்று மட்டும் இன்னும் எனக்குத் திருப்தியாக இல்லை: கடைக்காரர் நிறுத்திய நொடியில் அவர் என்ன செய்திருக்க வேண்டும் என்பது. அதை வக்கீல்தான் சொல்ல வேண்டும்.

போன மாதம் அவர் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தார். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்தாயிற்று. இனிமேல் எந்தப் படிவத்திலும், முன்பு பயன்படுத்திய வேறு பெயர்கள் என்ற கட்டத்தில் எஃப்.என்.யு. என்று எழுத வேண்டும். அந்தக் கட்டத்தை நிரப்பத்தான் நேற்றுக் கூப்பிட்டார்.